ஆற்றங்கரையில் நின்ற கதை

கனடா தேசத்து நாவல்களை எங்கள் பக்கத்தில் என்னைப்போல அலைந்து திரிந்து படித்தவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இலக்கிய ருசி என்று எனக்கு அந்த நாளில் எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா நான். தீர்ப்பையும் கிரயப் பத்திரத்தையும் ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் இன்னொரு தாளில் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பகல் முழுக்க இங்கிலீஷைக் கை ஒடிய எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் இங்கிலீஷைப் பிரித்து வைத்துக்கொள்ள எந்தக் கிறுக்கனுக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. என் மதினி கேட்டாள், படித்தேன். மதினி அதை என் அண்ணனுக்காகக் கேட்டாள். அண்ணன் அப்போது உயிரோடு இல்லை.

அண்ணனும் நானும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் படித்தவர்கள். நான் ஒரு வழியாகக் கரையேறினேன். அவன் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். எங்கள் உறவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பது வழக்கம் என்பதால் யாரும் அதற்காக மூக்கைச் சிந்தவில்லை. அங்கே அவனுக்குப் பாலம் போடுகிற வேலை. படைக்கு முன்னால் போய் ஆற்றின்மேல் இரும்புப் பாலத்தைப் பூட்டிக் கொடுக்க வேண்டும், டாங்கிகள் அதில் ஏறிப் போகும். ஒரு லீவில் வந்தபோது தளவாய்புரத்துப் பெண்ணைக் கட்டி வைத்தார்கள். கல்யாணப் பந்தலைப் பிரித்த கொஞ்ச நாளில் உலக யுத்தத்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். அம்மா நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே போய்விட்டாள். ஆகவே வீட்டில் ஐயா, மதினி, நான் என்று மூன்றே பேர்.

இத்தாலியிலிருந்து அவன் எழுதும் கடிதங்களில் பாதிக்குமேல் சர்க்கார் மை பூசி அழித்திருக்கும். மிஞ்சியதை நான் உரக்கப் படிப்பேன், ஐயா கட்டிலில் உட்கார்ந்தும் மதினி அடுப்படி வாசலில் நின்றும் கேட்பார்கள். கடைசிக்கு முந்திய கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் பக்கத்தில் கனடாக்காரர்கள் முகாம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் எனக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்தான். அவர்கள் ஊர்ச் சம்சாரி ஒருத்தனுடைய கதை. நம் ஐயாவைப்போலவே எதற்கெடுத்தாலும் வானத்தைப் பார்க்கிறான். பாதிக்குமேல் படித்துவிட்டேன். முடித்துவிட்டு ஊருக்கு வந்து முழுக்கதையும் சொல்கிறேன் என்று உன் மதினியிடம் சொல்."

மதினி அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு வரி வந்தது அந்தக் கடிதத்தில்தான்.

பிறகு தந்தி வந்தது. குண்டு விழுகிற நேரத்தில் ஆற்றில் பாலம் பூட்டிக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. தந்தியை நான்தான் படித்துச் சொன்னேன். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதை அன்றைக்கு வெறுத்ததுபோல என்றைக்கும் வெறுத்ததில்லை.

ஐயா அழவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். "எரிக்காம வுட்டா அவன் எங்கலே போவான்? தண்ணிக்குள்ளயே கெடந்து தவிப்பான்" என்றார். எங்கள் பக்கத்தில் உடம்பு கிடைக்காத சாவுக்கு வைக்கோலில் ஆள் உயரத்துக்குப் பொம்மை கட்டி, செத்தவர் போட்டிருந்த துணியை அதற்கு உடுத்தி, பாடையில் தூக்கிப் போய் எரிப்பார்கள். அவன் கடைசியாக உடுத்திய துணி வேண்டும் என்பதால் பட்டாளத்திலிருந்து அவனுடைய சாமான் வரட்டும் என்று காத்திருந்தோம். மாதங்கள் போயின. அதுவரை மதினி கழுத்துத் தாலியோடு நடமாடினாள். பார்க்கிறவர்கள் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் பார்சல் வந்தது. ஒரு காக்கிச் சட்டை, சவர சாமான், பாதி கரைந்த சோப்பு, ஒரு புத்தகம். மதினி சோப்பை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை. பட்டாளத்தில் சிகரெட் சுருட்டத் தாள் கிழிப்பார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். புத்தகத்தின் பெயர் என்ன, எழுதியது யார், எதுவும் தெரியவில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டுத் தீப்பெட்டி ஒன்றின் லேபிளை அடையாளத்துக்கு வைத்திருந்தான்.

"இதா அந்தக் கத?" என்று கேட்டாள் மதினி. "அவிய வந்து சொல்லுதேன்னாகள்லா?"

"ஆமா மதினி."

"நீங்க படிச்சுச் சொல்லுங்க தம்பி."

காரியத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் சாயங்கால வேளைகளில் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஐயா அந்த நேரத்தில் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். மதினி பின்கட்டில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுப்பாள். நான் ஒரு பத்தியை மனசுக்குள் வாசித்துவிட்டு அதைத் தமிழில் சொல்வேன். சொல்வதற்குள் எனக்கு வேர்த்து வடியும். அடமானம், பாத்தியதை, நான்கெல்லை என்றால் எந்த இங்கிலீஷ் வார்த்தையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தப் புத்தகத்தில் வந்ததோ மரமும் பறவையும் புல்லும். கோர்ட்டில் எந்த வாதியும் பறவைக்காக வழக்குப் போட்டதில்லை. "ஏதோ ஒரு குருவி" என்பேன். "என்ன குருவி?" என்பாள். "குளிர் நாட்டுக் குருவி" என்று கடுப்போடு சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்.

கதை இதுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேர் கனடாவில் ஆளில்லாப் பொட்டலில் நிலம் பிடித்துக் குடியேறுகிறார்கள். அண்ணனுக்கு மனைவி உண்டு. முதல் வருஷம் கோதுமை வருகிறது. இரண்டாம் வருஷம் பனிக்காலம் நீண்டுகொண்டே போகிறது, விதைக்கு வைத்திருந்ததையும் அரைத்துத் தின்னும்படி ஆகிறது. விதை இல்லாமல் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? தம்பியை மனைவிக்குத் துணையாக விட்டுவிட்டு மூத்தவன் விதை வாங்கிவரத் தூரத்து ஊருக்கு நடந்தே போகிறான்.

இதைக் கேட்டபோது மதினி புளியை அப்படியே வைத்துவிட்டாள். வெள்ளைக்காரன் விதைக்கு அலைவான் என்று அவள் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் ஜில்லா ஜட்ஜும் கலெக்டரும். அவர்களும் எங்கோ ஓரிடத்தில் பசித்து, குளிரில் விரல் வெடித்து, வானத்தைப் பார்த்து நிற்பவர்கள் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தக் கதையில் ஓர் ஆறு இருக்கிறது. பனிக்காலத்தில் அது உறைந்து தரையாகிவிடும், அதன்மேல் நடந்துதான் அவன் போகிறான். மதினிக்கு இது பிடிபடவே இல்லை. "தண்ணி மேல எப்பிடி நடப்பான்? சாமியா அவன்?" என்றாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சோடாக் கடைக்காரரிடம் கெஞ்சி, மதுரையிலிருந்து அவருக்கு மரத்தூளில் பொதிந்து வரும் ஐஸ் கட்டியில் ஒரு துண்டு வாங்கினேன். யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் அந்த நாளில் பஸ்கள் கரி எரித்து ஓடின. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது துணியில் மிஞ்சியது ஒரு நெல்லிக்காய் அளவு. மதினி அதை உள்ளங்கையில் வைத்து அது கரைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு முச்சூடும் இப்பிடியா?" என்றாள். பிறகு, "கரைஞ்சு போச்சுன்னா?" என்றாள்.

அதுதான் கதையிலும் நடந்தது. விதை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் திரும்பி வருகிறான். பருவம் மாறிவிட்டது. ஆற்றங்கரையில் வந்து நிற்கும்போது உறைந்த ஆறு விரிசல் விடுகிற சத்தம் கேட்கிறது. அந்தக் கரையில் அவனுடைய வீட்டுப் புகை தெரிகிறது. இன்றைக்குத் தாண்டாவிட்டால் வெள்ளம் வடிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விதைப்புக் காலம் போய்விடும். ஒரு காலை எடுத்து ஆற்றின்மேல் வைக்கிறான். அந்தப் பக்கத்தில்தான் தீப்பெட்டி லேபிள் இருந்தது.

நான் நிறுத்தினேன். "மேல படிக்கட்டா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி. அவிய நின்ன எடம்லா இது. நாமளும் செத்த நேரம் நிப்போம். மிச்சத்தக் காரியம் முடிஞ்ச பொறவு படிச்சுக்கிடலாம்" என்றாள். மறுநாளிலிருந்து உறவினர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. புத்தகத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளிச் சட்டி என் தோளில். சுடுகாட்டில் வைக்கோல் உருவத்தை இறக்கி வைத்து, முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். அப்போதுதான் பார்த்தேன். காக்கிச் சட்டைக்குள், மார்பில், அந்தப் புத்தகம். பாடையில் வைத்ததைத் திரும்ப எடுப்பது எங்களில் கிடையாது. அதைக் கேட்க வாய் திறந்தாலே ஊர் கூடிக் காறித் துப்பும். ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "ஆசையா வச்சிருந்தாம்லா? கூடவே கொண்டுபோகட்டும். அங்க போயி மிச்சத்தப் படிச்சுக்கிடட்டும்" என்றார். தீ வைத்தேன். வைக்கோல் பொசுக்கென்று எரிந்து அடங்கியது. புத்தகம் அத்தனை லேசில் எரியவில்லை. சுடுகாட்டு வேலைக்காரர் கம்பால் அதைப் பிரித்துவிட்டார். காற்றில் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டு புரண்டு எரிந்தன.

அன்றைக்கு வீட்டில் மதினியின் தாலியை இறக்கியிருந்தார்கள். பல நாள் கழித்து, வீடு காலியான பிறகு, "அந்தப் புத்தகத்த எடுத்துக்கிட்டு வாங்க தம்பி" என்றாள். நடந்ததைச் சொன்னேன். ஐயா சொன்னதையும் தாள்கள் புரண்டு எரிந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஐயா மேல் அவளுக்குக் கோபமே வராது. யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்புட்டு வெரசா யாரால படிக்க முடியும்?"

வருஷம் திரும்பி முதல் படையல் வந்தது. செத்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். ஆசைப்பட்டதில் ஒன்று குறைந்தாலும் அவர் வாசலோடு திரும்பிவிடுவார் என்று எங்கள் வீடுகளில் ஒரு பயம் உண்டு. பீடி பிடித்தவருக்குப் பீடி, கள் குடித்தவருக்குக் கள். மதினி அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் கம்பஞ்சோறும் வைத்தாள். வைத்துவிட்டுக் கும்பிடாமல் நின்றாள். ஐயா, "என்ன தாயி?" என்றார்.

"அவிய கடைசியா ஆசப்பட்டது இதெல்லாம் இல்ல மாமா. அந்த ஆளு ஆத்தத் தாண்டுனானா இல்லயான்னு தெரியாமப் போயிட்டாக. அதத் தெரிஞ்சு எலையில வச்சாத்தான் அவியளுக்குப் பசி ஆறும்."

ஐயாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் என் பக்கம் திரும்பி, "தேடுலே" என்றார். அவ்வளவுதான். அப்படித்தான் நான் கனடா நாவல்களுக்குள் போய் விழுந்தேன்.

பெயர் தெரியாத புத்தகத்தை எங்கே தேடுவது? ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர், தன் வீட்டுப் பத்திரத்துக்கு நகல் வாங்கக் கோர்ட்டுக்கு வந்தார். வேதக்காரர், நாலும் படித்தவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கனடாவிலிருந்து வந்து இங்கே ஊழியம் பார்த்த தம்பதி ஊருக்குத் திரும்பும்போது ஒரு அலமாரிப் புத்தகத்தை விட்டுட்டுப் போனாங்க. கரையான் அரிக்கறதுக்கு நீங்க படிக்கலாமே" என்றார். போய் அந்த அலமாரியைத் திறந்தேன். கனடா என்றால் ஒரே ஒரு கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரிசை வரிசையாக இருந்தன.

புரட்டிப் பார்த்தே இது அதுவல்ல என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வராது. ஒன்றை எடுத்துப் போய் முழுக்கப் படித்துக் கதை சொல்வேன். இப்போது ஐயாவும் தோட்டத்திலிருந்து சீக்கிரமே வந்து கட்டிலில் படுத்துக்கொள்வார். கண்ணை மூடியிருப்பார், தூங்கமாட்டார்.

முதலில் எடுத்தது எங்கள் காலத்திலேயே நடக்கிற கதை. கோதுமை விளைந்த பூமியில் மழை பொய்த்து, மேல்மண் எல்லாம் புழுதியாகப் பறக்கிறது. பகலிலேயே விளக்கேற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள். குடும்பத்தலைவி ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டே இருக்கிறாள். கண்ணை மூடியிருந்த ஐயா, "பொறவு மழ பேஞ்சுதா?" என்றார். "பெய்யல ஐயா. ஊரக் காலி பண்ணிட்டுப் போறாங்க." அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மதினி வேறு ஒன்று கேட்டாள். "இதுல அந்த வெத மூட்டக்காரரப் பத்திப் பேச்சு வருதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது வேற புத்தகம் மதினி. எழுதுனவன் வேற, ஆளுக வேற."

"ஊரு ஒண்ணுதானே? தளவாய்புரத்துல ஒருத்தன் ஆத்தோட போனா சேத்தூர்க்காரன் பேச மாட்டானா?"

"ஆமாலே, சந்தையில கிந்தையில எவனாச்சும் பாத்திருப்பான்" என்று ஐயாவும் சேர்ந்துகொண்டார். கனடா எவ்வளவு பெரிய தேசம் என்று அவர்களுக்கு விளக்கப் பார்த்தேன். இங்கேயிருந்து காசிக்குப் போய் இன்னும் பல மடங்கு போனாலும் தீராது என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள், நம்பவில்லை. கதை என்பது ஒருவர் கட்டுவது, அந்த ஆள் அந்தப் புத்தகத்துக்கு வெளியே கிடையாது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மனுஷன் இருந்தான், ஆற்றில் கால் வைத்தான். யாராவது பார்த்திருக்க வேண்டும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கதையில் எவன் சாராயக் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினாலும், இப்போது சொல்லிவிடுவானோ என்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

ஆறேழு தலைமுறைக்கு முந்திய கதைகள் சில கிடைத்தன. கோட்டையைச் சுற்றிவளைத்து வெள்ளைக்காரர்களே ஒருவரையொருவர் சுடுகிறார்கள். ஒரு சாரார் பிரெஞ்சுப் பேச்சு, ஒரு சாரார் இங்கிலீஷ். தோற்றவர்கள் தங்கள் வயலிலேயே அந்நியர்களாக நின்று அறுக்கிறார்கள். இன்னொன்றில் தோல் வியாபாரிகள் படகைத் தலையில் சுமந்துகொண்டு ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னாலிருந்தே அங்கே வாழ்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு வரி இரண்டு வரியில் வந்து வழி காட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். "வழி காட்டுனவனுக்குப் பேரு இல்லயா?" என்று மதினி கேட்டாள். இருக்கும், எழுதியவன் எழுதவில்லை என்றேன். எனக்கு அது உறுத்தியது. இப்படி உறுத்த உறுத்தத்தான் நான் உண்மையாகவே வாசகனானேன் என்று நினைக்கிறேன்.

மீன்பிடிக்கிற கடற்கரைக் கதை ஒன்றைத் தெரியாத்தனமாக எடுத்துப் போய்விட்டேன். பாதியில் படகு ஒன்று திரும்பி வரவில்லை. கரையில் பெண்கள் நிற்கிறார்கள். இருமினேன், தண்ணீர் கேட்டேன், தலைவலி என்றேன். மதினி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சொல்லுங்க தம்பி. எனக்கு ஒண்ணும் ஆகாது. அவளுகளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்லா" என்றாள். சொன்னேன். அவள் அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. தாலி இறக்கிய அன்றுகூட வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அலமாரி தீர்ந்தது. டீச்சரம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி, "நீங்களே நல்லபடியா ஒரு முடிவைச் சொல்லிடுங்களேன். பாவம், அந்தப் பிள்ளை எத்தனை நாள் காத்திருக்கும்? கர்த்தர் உங்களைக் கோபிக்க மாட்டார்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அசலில் இல்லாததை நகலில் எழுதுவது எங்கள் பிரிவில் பெரிய பாவம். வேலை போகும் என்பதற்காகச் சொல்லவில்லை, கையே ஓடாது. அதுவும் இது இலையில் வைக்கிற பண்டம். செத்துப்போனவனுக்குக் கலப்படச் சோறு போட முடியுமா? டீச்சரம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஊர்களுக்கெல்லாம் எழுதிப் புத்தகம் கேட்டுப் பார்த்தார்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஐயாவுக்கு மூச்சிரைப்பு வந்து படுத்தார். படுத்த பிறகும் நான் மதுரைக்குப் போய்வந்தால் முதல் கேள்வி, "புதுமண்டபத்துப் புத்தகக் கடையில பாத்தியாலே?" என்பதுதான். பார்த்தேன், இல்லை என்பேன். "நாந்தானே சட்டைக்குள்ள வச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்தக் கோடையில் அவரும் போய்விட்டார். முடிவு தெரியாமல் போனவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேராகிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த தை மாதத் தொடக்கத்தில் கோர்ட் வேலையாக மதுரை போனேன். புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில், பட்டாளத்து முகாமைக் காலி செய்தபோது நிறுத்து விற்ற புத்தகங்கள் என்று ஒரு குவியல் கிடந்தது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் பிரிப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிரித்தேன். தோளில் விதை மூட்டை, அக்கரையில் வீட்டுப் புகை. கடைக்காரர், "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அட்டையில் இருந்த தலைப்பைப் பார்த்தால் ஏதோ ஜெபப் புத்தகம் என்றுதான் எவனும் நினைப்பான். அட்டையை மட்டும் பார்த்திருந்தால் நானே அதைத் தள்ளிவிட்டிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். அவன் ஆற்றைத் தாண்டிவிடுகிறான். இடுப்பு வரை முங்கி, மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஒரு வேரைப் பற்றிக் கரையேறுகிறான். மனைவி ஓடி வருகிறாள். தம்பி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நனையவில்லை என்கிறான். கடைசி அத்தியாயம் முழுக்க விதைப்பும் முளை விடுவதும். அண்ணனும் தம்பியும் வேலி எங்கே போடுவது என்று சண்டை பிடிக்கிறார்கள், அவள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கதை அங்கே முடிகிறது. அவன் செத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு வேலித் தகராறு போட்டுக்கொள்ள எனக்கு அண்ணன் இல்லையே என்று பஸ் ஸ்டாண்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து, "கெடச்சிருச்சு மதினி" என்றேன். அவள் கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். "எங்கிட்டச் சொல்லாதீங்க. அமாவாச வருது. அவியகிட்டச் சொல்லுங்க. அவிய கேட்ட பொறவு நான் கேட்டுக்கிடுதேன்." அடுத்த சில நாட்கள் அவள் இருந்த இருப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வீடு முழுக்கச் சாணி போட்டு மெழுகினாள். பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினாள். கம்பு குத்தும்போது பாட்டுக்கூட வந்தது. பட்டாளத்திலிருந்து ஆள் லீவில் வருகிற வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எங்கள் வீடு.

தை அமாவாசையன்று இரண்டு இலை போட்டாள், அண்ணனுக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று. கருவாட்டுக் குழம்பு, கம்பஞ்சோறு, எல்லாம் வைத்தாள். சாம்பிராணி போட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அண்ணே, நீ நிறுத்துன எடத்துலருந்து சொல்லுதேன்" என்றேன். பிறகு வார்த்தை தானாக வந்தது. ஒரு வரி விடவில்லை, ஒரு வரி சேர்க்கவில்லை. ஆற்றைத் தாண்டினதைச் சொன்னேன். விதை நனையாததைச் சொன்னேன். வேலித் தகராறு வரை சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

"வெதச்சாகளா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"வெதச்சாக மதினி. மொளச்சிருச்சு."

அவள் தலையாட்டினாள். இலைகளைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையைப் பிடித்திருந்த கை நழுவிக் கீழே வந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே அவியளுக்கு நாம செய்யதுக்கு ஒண்ணுமே இல்லயே தம்பி" என்றாள்.

சொல்லிவிட்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், யார் செத்தது என்று என்னைக் கேட்டார்கள். அண்ணன் என்று சொன்னேன்.